படகைக் கரையேற்றுதல்

கடலைப் பற்றி நாம் படித்தவற்றை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலும் அவை நடுக்கடலைப் பற்றியவை. இல்லையென்றால் கரையில் காத்திருப்பவர்களைப் பற்றியவை. இரண்டுக்கும் நடுவில் அலை உடையும் இடத்தில் தொடங்கி, ஈரமணலைத் தாண்டி, உலர்ந்த மணல்வரை நீளும் நூறடி நிலம் ஒன்று இருக்கிறது. மீனவரின் ஒரு நாளில் மிகக் கடினமான வேலைகளில் இரண்டு அங்கேதான் நடக்கின்றன. விடியுமுன் படகை இறக்குவது ஒன்று, திரும்பியதும் ஏற்றுவது மற்றொன்று. வடசென்னையில் இந்த நூறடிக்கு நேர்ந்ததைப் பற்றிச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னையின் கடற்கரை இயற்கையான துறைமுகம் அல்ல. 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனி இங்கே இடம் பெற்றதிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் வந்து இறங்க வேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது, உட்கட்டைச் சட்டங்களும் கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அறையும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். படகோட்டிகள் தகுந்த அலைக்காகக் காத்திருந்து, அதன் முதுகில் ஏறிக் கரைக்கு வருவார்கள். தரை தட்டிய கணத்தில் சிலர் கயிற்றோடு குதிப்பார்கள். அடுத்த அலை வருவதற்குள் படகு மேலே போயிருக்க வேண்டும். பாதி வேலையை அலையே செய்துவிடும். மீதி வேலைதான் மனிதர்களுக்கு.

கட்டுமரம் இதைவிட எளிய விடை. மிதக்கும் மரங்கள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். அலை மேலே விழுந்தால் நீர் இடுக்குகளின் வழியே இறங்கிவிடும். மூழ்குவதற்கு அதில் உட்குழிவே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரம் மரமாகத் தோளில் சுமந்து மேட்டில் காயவைப்பார்கள். படகையே பிரித்துவிட முடிந்தால் அதை இழுக்க வேண்டிய தேவை ஏது? இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் டாம்பியர் 1697-இல் வெளியான தன் பயணநூலில் எழுதினார். இன்று உலகெங்கும் அது இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகைக் குறிக்கிறது. இந்தக் கரையின் அலைக்காகவும் மணலுக்காகவும் உருவான பொருள் என்பது அந்தப் பெயரில் இப்போது தெரிவதில்லை.

பிறகு பைபர் படகு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய நிவாரணப் பணிகளில் அதன் எண்ணிக்கை பெருகியது. வேகம் உண்டு, தொலைவு போகலாம், மீனை ஐஸில் வைத்துக் கொண்டுவரலாம். இதையெல்லாம் குறையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கட்டுமரத்தில் நனைந்தபடி துடுப்பு வலித்தவர்கள் யாரும் அதற்காக ஏங்கி நான் கேட்டதில்லை. ஆனால் படகும் இயந்திரமும் வலையும் ஐஸ் பெட்டியும் சேர்ந்தால் எடை ஒரு டன்னைத் தொட்டுவிடுகிறது. அதைப் பிரித்துத் தோளில் வைக்க முடியாது. ஆட்கள் போதாதபோது வண்டி தேவைப்படுகிறது. தமிழகக் கடலோரத்தின் பல ஊர்களில் படகிழுக்க டிராக்டர் வந்தது இப்படித்தான்.

சென்ற மாசியில் திருவொற்றியூர்ப் பக்கம், இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சேர்ந்திருந்த சிறிய மணல்திட்டில், டிராக்டருக்குப் பதிலாக ஒரு பிக்கப் வண்டி படகிழுப்பதைப் பார்த்தேன். அன்றாடம் ஐஸ் ஏற்றும் வண்டி அது. பின்சக்கரங்கள் இரண்டில் மட்டும்தான் இழுவை. ஓட்டுநர் இளைஞர் மணலில் பின்னோக்கி இறங்கி, கயிற்றைக் கொக்கியில் மாட்டி, முதல் கியரில் எடுத்தார். சக்கரங்கள் சுற்றின, வண்டி நகரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் டயர் தனக்கே குழி தோண்டிக்கொண்டது.

இதில் வியப்பில்லை. வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது இயந்திரத்தின் குதிரைசக்தியை மட்டும் பொறுத்ததல்ல. இழுக்கும் சக்கரங்களின்மேல் எவ்வளவு எடை அழுந்துகிறது, தரை அதை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பவையே முடிவு செய்கின்றன. வெற்று பிக்கப்பில் எடையின் பெரும்பகுதி முன்னால், இயந்திரத்தின் பக்கம் இருக்கும். பின்சக்கரங்களில் 700 கிலோ அழுந்துவதாகவும், உலர்மணல் அதில் மூன்றிலொரு பங்கையே பிடித்துக்கொள்வதாகவும் வைத்துக்கொண்டால், கிடைக்கும் இழுவை 230 கிலோ அளவுதான். படகின் கணக்கு வேறு. எட்டடிக்கு ஓரடி உயரும் சரிவில் ஒரு டன் படகை ஏற்ற, சரிவுக்கு மட்டும் 125 கிலோ வேண்டும். அடிப்பாகம் மணலில் உரசினால் இன்னும் 500 கிலோவாவது சேரும். தோராயக் கணக்குதான். ஆனாலும் சக்கரம் ஏன் குழி பறித்தது என்பது இதில் தெரிந்துவிடுகிறது. டிராக்டரிலும் பெரும்பாலும் இழுப்பது பின்சக்கரங்கள் இரண்டுதான். ஆனால் அவை பெரியவை, ஆழமான பற்கள் கொண்டவை, எடையும் அவற்றின்மேலேயே இருக்கும்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். "தம்பி, மணல்ல எறங்காத. டயரு தோண்டிக்கினேதான் போவும். வண்டிய ரோட்டாண்ட இஸ்துக்கோ. கயிறு அங்க வரும்" என்றார்.

"வளைவு இருக்கே நைனா, கயிறு எப்படி வரும்?"

"வரும், நீ போ."

நான்கு பேர் தள்ளி வண்டியை மேலே ஏற்றினார்கள். பெரியவர் கரையோரப் பாறை ஒன்றில் சங்கிலியைச் சுற்றி ஒரு கப்பியைக் கட்டினார். படகிலிருந்து வந்த கயிறு கப்பியில் திரும்பி, கடலுக்கு இணையாகச் சாலையோரமாகப் போயிற்று. வண்டியின் பின்தட்டில் ஈரவலைகளையும் நிறைந்த ஐஸ் பெட்டிகளையும் ஏற்றினார்கள். டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினார்கள். படகின் அடியில் உருளைக்கட்டைகளை வைத்து, இருபுறமும் ஆட்கள் நின்றார்கள். ஓர் அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தூக்கியது. பெரியவர் கையை உயர்த்தினார். வண்டி திணறாமல் நகர்ந்தது, படகும் ஏறியது.

அவர் செய்தது ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு. பின்சக்கரத்தில் எடை கூட்டுவது, டயரைத் தட்டையாக்கித் தரையோடு தொடும் பரப்பைப் பெருக்குவது, உராய்வை உருளலாக மாற்றுவது, தூக்கும் வேலையை அலையிடம் விடுவது. கடைசியாகச் சொன்னது மசூலாப் படகோட்டிகளின் அதே கணக்கு. கப்பியோ இழுவையைக் கூட்டவில்லை, திசையை மட்டும் திருப்பியது. அது ஏன் தேவைப்பட்டது என்று பிறகுதான் யோசித்தேன். படகு ஐம்பதடி ஏற வேண்டுமென்றால் வண்டியும் ஐம்பதடி ஓட வேண்டும். அங்கே அந்த ஐம்பதடி இல்லை. மணல் முடிந்ததும் பாறை, பாறை முடிந்ததும் எண்ணூர் விரைவுச்சாலை, அதில் கண்டெய்னர் லாரிகள்.

அந்த இடம் எங்கே போயிற்று? வங்கக் கடலின் இந்த ஓரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் திசை மாறும். கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போகும். 1876-இல் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. 1881 புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டி 1890களில் முடித்தார்கள். அந்தச் சுவர்கள் வடக்கே போன மணலை மறித்தன. தெற்கே தேங்கிய மணலில்தான் மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி கரை கரைந்தது. பல பத்தாண்டுகளாகப் பாறைகளைக் கொட்டி மீதியைக் காத்துவருகிறார்கள். மாலையில் மெரினா மணலில் நெடுந்தூரம் நடந்து அலையைத் தொடும்போது, நம் காலடியில் இருப்பதில் ஒரு பங்கு வடக்கே உள்ள குப்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல் என்று எனக்குத் தோன்றும்.

கொட்டிய பாறை வீட்டைக் காக்கும், சாலையைக் காக்கும். ஆனால் பாறைமேல் படகை ஏற்ற முடியாது. பின்னர் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் இடுக்குகளில் கொஞ்சம் மணல் திரும்பச் சேர்ந்தது. நான் பார்த்த திட்டும் அப்படிச் சேர்ந்ததுதான். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதியிலிருந்து பார்த்தால் கடல் எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பது விளங்கும். கதைகளின்படி அவர் கலம் ஓட்டிய வணிகர் குடியில் பிறந்தவர். இன்று அவர் முன்னால் ஒரு கலத்தைக் கரைசேர்க்கக் கப்பியும் பிக்கப்பும் வேண்டியிருக்கிறது.

துறைமுகம் இருக்கிறதே, அங்கே கட்டிவைக்கலாமே என்று கேட்கலாம். காசிமேடு இருக்கிறது. திருவொற்றியூர்க் குப்பத்திலும் சூரை மீன்பிடித் துறைமுகம் வந்துவிட்டது. பெரிய விசைப்படகுகளுக்குத் துறைமுகம் இல்லாமல் முடியாது. ஆனால் புயல் வந்தால் நீரில் கட்டிய படகு ஆடும், பக்கத்துப் படகில் மோதும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரைகடந்தபோது, காசிமேட்டில் கட்டியிருந்த படகுகள் பல அப்படித்தான் சேதமடைந்தன. சிறிய படகுக்குப் பாதுகாப்பான இடம் உயரமான மணல்தான். எச்சரிக்கை வந்த இரவில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். அன்று ஒரு பிக்கப்பும் ஒரு கப்பியும் எத்தனை படகுக்குப் போதும்? ஏற்றிய படகுகள்தான் அந்தத் திட்டில் எங்கே நிற்கும்?

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடுவே ஓர் ஊர் இரண்டாகப் பிளக்கிறது. வல்லத்தை விற்க மனம் வராத தந்தையும், விற்கச் சொல்லும் மகனும் எதிரெதிரே நிற்கிறார்கள். அந்த நாவல் 1977-இல் வந்தது. அந்தத் தந்தைக்குத் தெரிவு என்று ஒன்றாவது இருந்தது, வல்லத்தை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். அவர் எதைத் தெரிந்தெடுத்தாலும் கரை அங்கேயே இருந்தது. மணப்பாட்டுக் கரையை எழுதியவருக்கு மணலைத் தனியாக எழுத வேண்டிய அவசியம் நேரவில்லை. வடசென்னையைப் பற்றி ஒரு நெய்தல் நாவல் இனி வருமானால், அதில் மணலும் ஒரு பாத்திரமாக இருந்தாக வேண்டும்.

அன்று படகு ஏறி முடிந்ததும் ஓட்டுநர் குழாய்த் தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கரங்களையும் கழுவினார். உப்புநீர் பிரேக்கைத் தின்றுவிடும் என்றார். "நான் வரலேன்னா இன்னா பண்ணுவீங்க நைனா?" என்று பெரியவரிடம் கேட்டார். பெரியவர் கப்பியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். "வண்டிக்கி வேற ஆள் வருவான்டா" என்று சொல்லிவிட்டுத் திட்டின் ஓரத்தைக் காட்டினார். போன ஐப்பசிக்கு முன் அங்கே இன்னும் இரண்டு படகு நிறுத்த இடம் இருந்ததாம்.