மூச்சு முட்டிய டிராக்டர்

ஏரிக்கரை ஏற்றத்தில் பாதி ஏறியதும் எஞ்சின் சத்தம் இறங்கியது. பின்னால் டிரெய்லரில் 84 மூட்டை நெல். மூட்டைக்கு 40 கிலோ, அப்படியென்றால் 3,360 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை தனி. ஆக்சிலேட்டரை அடியோடு மிதித்தும் பலனில்லை. இரண்டு தடவை இருமி, ஒரு குலுக்குக் குலுக்கி, அப்படியே அணைந்து போனது.

சித்திரை மாதம், நவரை அறுவடை. எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில். செங்கல்பட்டுப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எங்கே திரும்பினாலும் ஓர் ஏரி இருக்கும். நிலமெல்லாம் கரைக்குக் கீழே, ரோடு கரைக்கு மேலே. விளைந்ததை வெளியே கொண்டுபோக அந்த ஏற்றத்தை ஏறித்தான் ஆகவேண்டும்.

இந்த வியாதி வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சும்மா ஓட்டினால் சிங்கம் மாதிரி ஓடும். லோடு ஏற்றிக் கொஞ்ச தூரம் போனதும் சோர்ந்துவிடும். நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். நின்றே போய்விட்டால்கூடப் பரவாயில்லை, எது போச்சு என்று பார்க்கலாம். வருவதும் போவதுமாக இருக்கிற வியாதிதான் மனுசனுக்கும் சரி, மாட்டுக்கும் சரி, வண்டிக்கும் சரி, பெரிய தலைவலி. டாக்டரிடம் போய் நிற்கும்போது வலி இருக்காது.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பங்கில் டீசல் சரியில்லை என்றார் ஒருவர். கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். கிளட்ச் தேய்ந்தால் எஞ்சின் கத்தும், வண்டிதான் நகராது. இங்கே எஞ்சினே அடங்குகிறது, அதனால் அது இல்லை என்று எனக்கே தெரிந்தது. எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னவரும் உண்டு. அதையும் வைத்தேன், சொல்வதற்கென்ன.

மெக்கானிக் தம்பி வந்தான். டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பனித்துளி மாதிரி பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பீய்ச்சுகிற அழுத்தம் எங்கள் பழைய வண்டியிலேயே 200 கிலோ கணக்கில் இருக்கும். வருகிற டீசல் குறைந்தாலோ, நடுவில் ஒரு காற்றுக் குமிழ் புகுந்தாலோ பம்ப் என்ன செய்யும்? குமிழைத்தான் அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் அவன் முதலில் இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றினான். போல்ட்டைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை நின்று டீசல் சுத்தமாக வரும்வரை ஏர் எடுத்தான். டேங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, டீசலும் நிரப்பினான். வண்டி பறந்தது. மறுநாள் எருவு லோடு ஏற்றியதும் பழைய கதை.

திரும்ப வந்தான். ஏர் கிளீனரில் ஆயில் மாற்றினான், குழாய் வாஷர் நாலும் புதுசு போட்டான். மறுபடியும் ஏர் எடுத்தான், டேங்கைத் திறந்து பார்த்தான். அன்றைக்கும் நன்றாகத்தான் ஓடியது.

மூன்றாம் தடவை தலையைச் சொறிந்தான். “அண்ணா, இனிமே பம்புதான். கழட்டி செங்கல்பட்டு எடுத்துட்டுப் போய் டெஸ்ட் போடணும். மூணு நாளாவும். பதினஞ்சாயிரத்துக்குக் கொறையாது.”

அவன் மேல் தப்பு சொல்ல மாட்டேன். ஃபில்டர், காற்று, பம்ப் என்று வரிசையாகத்தானே போக முடியும்? ஆனால் எனக்கு மறுநாள் கொள்முதல் நிலையத்தில் டோக்கன். களத்தில் நெல் குவித்தாகிவிட்டது. ஆடுதுறை 37, குண்டு நெல், நீங்கள் இட்லிக்குப் போடுகிற அரிசி. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே எடுக்க மாட்டார்கள். நாலு நாள் கோடை வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தது. மேற்கே திருக்கழுக்குன்றம் மலைக்குப் பின்னால் வேறு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாடகை டிராக்டர் அறுவடை நேரத்தில் எங்கே கிடைக்கும்? வருகிறது வரட்டும் என்று மூட்டையை ஏற்றிவிட்டேன்.

காலையில் டேங்கை வேறு முழுசாக நிரப்பி, மூடியை இறுக்கி மூடினேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

ஏற்றத்தில் அணைந்துபோன இடத்துக்கு வருகிறேன். எங்கள் டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. டிராக்டருக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான். அவ்வளவு எடை கீழே இழுக்கும்போது முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் கையில் இல்லாத மாதிரி ஆகும். பிரேக்கை மிதித்தபடியே இரண்டடி பின்னால் சறுக்கினேன். டிரெய்லர் ஒரு பக்கம் மடங்க ஆரம்பித்தது. இன்னும் நாலடி போயிருந்தால் கரைச் சரிவில் மூட்டையோடு நானும் உருண்டிருப்பேன். பின்னாலேயே நடந்து வந்த என் தம்பி மகன் கையிலிருந்த முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டான். பத்தொன்பது வயதுப் பையன். கையை எடுக்க அரை நொடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறபோது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை ஒன்று சரிவில் நிற்கிறதே, நீங்கள் எல்லோரும் முதுகைக் கொடுத்துத் தாங்குவது போல போட்டோ எடுத்துக்கொள்வீர்களே, அதற்கு யாரும் முட்டுக் கொடுக்கவில்லை. என் டிரெய்லருக்கு அந்த வரம் கிடையாது.

கீழே மடையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த மாமா மண்வெட்டியோடு ஏறி வந்தார். அந்தக் காலத்தில் கடற்கரைத் தோப்புகளில் இருந்து சவுக்கு லோடு லாரி ஓட்டியவர்.

“இன்னாப்பா, மறுபடியுமா?”

சொன்னேன்.

“எவ்ளோ நேரம் ஓடனா நிக்குது?”

“லோடோட கால் மணி நேரம், மாமா. சும்மான்னா ரொம்ப நேரம் ஓடுது.”

“டேங்கு ரொப்புன அன்னிக்கு சீக்கிரம் நிக்குதா, லேட்டா நிக்குதா?”

இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால், நிரப்பின நாளில்தான் சீக்கிரம். டீசல் குறைவாக இருந்த நாளில் தாக்குப்பிடித்திருக்கிறது.

அவர் வேறொன்றும் பேசவில்லை. புட்போர்டில் ஏறி, டேங்க் மூடியை மெல்லத் திருகினார். “உஸ்ஸ்ஸ்” என்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“ஸ்டார்ட் பண்ணு” என்றார். டீ குடிக்கப் போகவில்லை, பத்து நிமிடம் காத்திருக்கவில்லை. உடனே பிடித்தது. முதல் கியரில் 84 மூட்டையும் கரைமேல் ஏறிவிட்டது.

விஷயம் இதுதான். டேங்கில் இருந்து டீசல் வெளியேற வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, டீசலைப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். லோடு இழுக்கும்போது டீசல் அதிகம் வேண்டும், அதனால் சீக்கிரம் சோர்கிறது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே கொஞ்சம், இரண்டு லிட்டர் குறைந்தாலே இறுக்கம் ஏறிவிடும். நிறுத்தி வைத்தால் எப்படியோ கசிந்து காற்று புகுந்து சரியாகிறது. மெக்கானிக் தம்பி ஒவ்வொரு தடவையும் என்ன ரிப்பேர் செய்தாலும் கூடவே மூடியைத் திறந்தானே, அதனால் எல்லா ரிப்பேரும் பலித்த மாதிரி இருந்தது!

நான் கிளம்பப் பார்த்தேன், மழை வருகிறது. மாமா விடவில்லை. “இருடா. உள்ள வைக்கத் துண்டோ, துணியோ கெடந்து குழாய் வாயில ஒட்டினாலும் இப்டிதான் பண்ணும். நின்னா அதுவும் வுட்டுடும். காதுல கேட்டது பத்தாது.” மூடியைத் திரும்ப இறுக்கி, மட்கார்டில் உட்கார்ந்துகொண்டார். கரைமேல் சமமான ரோட்டில் இழுத்துக்கொண்டு போனேன். சொல்லிவைத்த மாதிரி சத்தம் இறங்கியது. நிறுத்தாமலே மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தினார். எஞ்சின் உடனே குரல் எழுப்பியது. குழாயில் குப்பை ஒட்டியிருந்தால் மூடியைத் திறந்ததற்காக அது வழிவிடாது.

மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உள்பக்கம் வட்டமாக வெட்டின சைக்கிள் டியூப் ரப்பர், ஓட்டையை முழுக்க மூடிக்கொண்டு.

அதை வைத்தது நான்தான்.

கார்த்திகை மழையில் வண்டி வெளியே நின்று, உப்புக்காற்றில் துருப்பிடித்த மூடி வழியாகத் தண்ணீர் டேங்குக்குள் இறங்கிவிட்டது. டீசலை எல்லாம் வடித்துக் கொட்டவேண்டியதாகிவிட்டது. இனிமேல் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று நானே கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினேன். பெருமையாக வீட்டில் காட்டவும் காட்டினேன். நவரைக்குச் சேறு ஓட்டும்போதே இரண்டு தடவை சோர்ந்தது. சேறு கனமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரப்பரைப் பிய்த்து எறிந்து, கோணி தைக்கிற ஊசியால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் பண்ணினோம். கொள்முதல் நிலையத்துக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது தூறல் பிடித்தது. தார்ப்பாய் கட்டியிருந்ததால் மேல் வரிசையில் ஓரமாக இருந்த மூன்று மூட்டை மட்டும் நனைந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டுக்கு அவித்துக்கொண்டோம். மற்றது எடையேறியது.

ராத்திரி மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அண்ணா, மூணு வாட்டி என் கையாலதான் அந்த மூடியத் தொறந்தேன்” என்றான். அப்புறம், “ரப்பரப் பாத்தேண்ணா. நல்லா டைட்டா இருக்கேன்னு நெனச்சேன்.”

மழைக்கு இப்போது மூடிமேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைக்கிறேன். தம்பி மகன் டிரெய்லர் பக்கவாட்டில் முட்டுக்கட்டைக்கு நீளமாக ஒரு கம்பிக் கைப்பிடி வெல்டு வைத்துத் தொங்கவிட்டிருக்கிறான்.