உலையில் போடுமுன் ஒரு பிடி

அன்புள்ள ஆச்சிமாருக்கு,

மெஞ்ஞானபுரம், நாசரேத், முதலூர், சாயர்புரம், இடையன்குடி என்று பனையும் செம்மண்ணுமான ஊர்களில் வாழ்ந்து, அந்தந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். உங்களில் பலருக்கு வேதாகமத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க வரும், எழுத வராது. ஆகையால் உங்களைப் பற்றி நீங்களே எழுதிவைத்தது எதுவும் எங்கள் கையில் இல்லை. பேரப்பிள்ளைகளில் ஒருவன் நான் எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வந்தது கைப்பிடி அரிசிக்காக.

இந்த வழக்கம் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். காலையில் அடுப்பில் உலை ஏற்றியபின் அரிசியை உழக்கால் அளந்து சுளகில் போடுவீர்கள். கல் பொறுக்குவீர்கள். களையப் போகுமுன் அந்தச் சுளகிலிருந்து ஒரு பிடி அள்ளுவீர்கள். அடுப்பங்கரை மூலையில் இருக்கும் ஓலைக் கொட்டானுக்குள் அது போகும். சில வீடுகளில் மண் கலயம். பிற்காலத்தில் பழைய பால்மாவு டப்பா. ஞாயிற்றுக்கிழமை அதை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு ஆராதனைக்கு வந்து, கோயிலில் வைத்திருக்கும் பெரிய பெட்டியில் கொட்டுவீர்கள். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அளந்து விற்பார். சில ஊர்களில் ஏலம். கோழி, முட்டை, முருங்கைக்காய், முதல் குலைத் தேங்காய் எல்லாவற்றோடும் சேர்ந்து அந்த அரிசியும் போகும். வருகிற காசு ஊழியத்துக்கு.

அந்த அரிசியைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுப் புழுங்கல், இன்னொரு வீட்டுப் பச்சரிசி, ரேஷன் அரிசி, அடியில் கொஞ்சம் குருணை என்று எல்லாம் கலந்து கிடக்கும். சோறாக்க ஆகாது. ஒன்று குழைந்துபோகும் நேரத்தில் இன்னொன்று அரிசி அரிசியாய் நிற்கும். கஞ்சிக்கும் மாவுக்கும் வாங்கிப் போவார்கள். கடை விலையைவிடக் குறைவு என்பதால் வாங்கியவர்கள் உண்டு. காணிக்கை அரிசி என்பதற்காகவே விலை கூட்டிக் கேட்டவர்களும் உண்டு. எந்தப் பிடி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. பேர் சொல்லிக் கொடுக்கிற காணிக்கைகளும் சபையில் இருந்தன. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அடுத்த ஞாயிறுவரை பேச்சாய் இருக்கும். கொட்டானைப் பெட்டிக்குள் கவிழ்த்தபின் பேச ஒன்றுமில்லை.

உங்கள் காலத்தில் நெல்லுச்சோறு தினப்படிச் சாப்பாடு இல்லை என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர்களின் கதை வேறு. தேரிப் பக்கம் கம்பு, சோளம், கேப்பை, குதிரைவாலிதான். பதநீர் இறக்குகிற மாதங்களில் கருப்பட்டிக் காசு கொஞ்சம் புழங்கும். அது முடிந்தால் கடன். அந்த மாதங்களிலும் கொட்டான் காலியாய் இருக்கவில்லை. அரிசி இல்லாத வீட்டில் கம்பில் ஒரு பிடி விழுந்தது. சாறிபாத் விதவையைப் பற்றிப் பிரசங்கம் வரும்போதெல்லாம் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு இப்போது புரிகிறது. பானையடியில் மிஞ்சியிருந்த ஒரு பிடி மாவில், தனக்கும் பிள்ளைக்கும் முன்னால் தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக்கொடுத்தவள் அவள். அவளுக்கு என்ன யோசனை ஓடியிருக்கும் என்று உங்களுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது.

சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுக்க நல்ல மனசு போதும். இன்றைக்கு நம் வீட்டுக்குப் போதுமா என்று தெரியுமுன்னே எடுத்துவைக்க விசுவாசம் வேண்டும். நீங்கள் அதைப் பிள்ளைகள் கண்முன்னால் செய்தீர்கள். உபதேசமாய் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நமக்கு முன்னால் சாப்பிட வேண்டிய ஒருவர் எங்கேயோ இருக்கிறார், அவர் முகம் நமக்குத் தெரியாது என்பது எங்களுக்கு அப்படித்தான் மனசில் பதிந்தது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்களில் பாதி எனக்கு இன்று தடுமாறும். அது தடுமாறவில்லை.

அந்த அரிசி எங்கே போனது என்று உங்களிடம் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா தெரியாது. சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் பக்கத்து ஊரான வெள்ளாளன்விளையில், குருவானவர் தாமஸ் வேதநாயகத்துக்கும் எலன் அம்மாவுக்கும் 1874-இல் பிறந்தார் அசரியா. 1902-இல் அவர் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டி நம் கரைக்கு ஊழியர் அனுப்பிவருவதைக் கண்டார். அது அவரைச் சும்மா இருக்க விடவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாய்ச் சுவிசேஷம் கேட்ட நெல்லைச் சபை இன்னும் வாங்குகிற கையாகவே இருக்கலாமா என்று கேட்டார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்தியரே ஊழியர், இந்தியரே கொடுப்பவர், இந்தியரே நிர்வாகிகள் என்பது அதன் கட்டுப்பாடு. சங்கத்தைத் தொடங்குவது ஒரு நாள் வேலை. மாதம் தவறாமல் ஊழியருக்குச் சம்பளம் அனுப்புவது அப்படி இல்லை. பெரியவர்களின் சந்தா உதவியது. உங்கள் கொட்டானும் உதவியது.

ஊழியர்கள் போனது நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்கு. இன்று அது தெலங்கானா. மொழி தெலுங்கு. 1909-இல் அசரியாவே தம் வேலையை விட்டுவிட்டு அங்கே குடியேறினார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பேராலயத்தில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். ஒரு காலத்தில் நம் முன்னோரையும் கோயில் தெருவுக்குள் விடாத நாடு இது. அந்த முன்னோரின் பிள்ளைகள் அங்கே போய், அந்தக் குடிசைகளில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டார்கள். நம் ஊரிலேயே நாம் கால் வைக்காத தெரு ஒன்று இருந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் தாண்ட எனக்கு மனசில்லை. உங்கள் அரிசி உங்கள் கால்களைவிடத் தூரம் போயிற்று.

தோர்ணக்கல் பக்கத்துக் கிராமங்களிலும் பெண்கள் சமைக்குமுன் ஒரு பிடி எடுத்துவைக்கப் பழகினார்கள். கூலி வேலைக்குப் போன பெண்கள் அவர்கள். அசரியா காணிக்கை கொடுப்பதைப் பற்றித் தனியாய் ஒரு நூலே எழுதினார். ஏழைகளிடம் கேட்கலாமா என்று தயங்கியவர்களுக்கு, ஏழையிடம் கேளாமல் இருப்பதே அவரைத் தாழ்வாய் நினைப்பது என்பது அவர் எண்ணம். அதை அவர் யாரிடம் கற்றிருப்பார் என்று யோசிக்கையில் எனக்கு வெள்ளாளன்விளை அடுப்பங்கரைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசியது இன்றும் பேசப்படுகிறது. மேல்நாட்டு மிஷனெரிகள் தங்கள் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையே கொடுத்தார்கள், அதற்கு நன்றி, ஆனால் எங்களுக்குச் சிநேகிதராய் இருங்கள் என்பதே அவர் கேட்டதின் சாரம். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் சிநேகம் இல்லாவிட்டால் கொடுத்தது பாதிதான் என்பதைத் துணிந்து சொல்ல அன்று அந்த மண்டபத்தில் வேறு யாருக்கு இயலும்?

சிநேகம் என்கிற அந்த மற்றப் பாதி உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். முகம் தெரியாத தெலுங்குக்காரிக்கு ஒரு பிடி எடுத்துவைப்பது ஒரு வகையில் சுலபம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளை மன்னிப்பது அப்படியா? எல்லைப் பனை யாருடையது என்று இரண்டு வீடு மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. எங்கள் வீட்டுக் கதை இது. மறுநாள் இராப்போஜன ஆராதனை. சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் ஆச்சி எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, நேரே அடுத்த வீட்டு நடையில் போய் நின்றாள். பிள்ளைகள் நாங்கள் சண்டை பார்க்கிற ஆசையில் பின்னாலேயே ஓடினோம்.

"ஏளா, நாளைக்கு ராப்போசனம்லா" என்றாள்.

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "வாங்க மயினி, இருங்க. காப்பி போடுதேன்" என்று குரல் வந்தது.

யார் பனை என்று அன்று யாரும் பேசவில்லை. அது பிறகு பேசித் தீர்ந்தது, அல்லது தீரவில்லை, எனக்கு நினைவில்லை. பகையை வைத்துக்கொண்டு பலிபீடத்துக்குப் போகக் கூடாது என்று மலைப்பிரசங்கத்தில் இருப்பதை ஒரு பெண் தன் காலால் நடந்து நிறைவேற்றியதை நான் பார்த்தேன். பிற்காலத்தில் எத்தனையோ நல்ல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அந்த மூன்று சொல்லுக்கு ஈடாய் ஒன்று கேட்டதில்லை. இன்றைக்குச் சபைத் தேர்தல் என்று வந்தால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எழுந்து போக அங்கே ஓர் ஆச்சி வேண்டியிருக்கிறது.

உங்களைக் குறையே இல்லாதவர்களாய் எழுதினால் நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். குடும்ப ஜெபத்தில் அவ்வளவு நேர்மையாய் இருந்த வீடுகள், சம்பந்தம் பேசுகிற பாயில் உட்கார்ந்ததும் பவுன் கணக்குப் பேசின. மருமகள் கொண்டுவந்த வளையலை எடைபோட்ட கையும் கைப்பிடி அரிசி அள்ளிய கையும் ஒரே கைதான். அந்தக் காரியத்தில் நாங்களும் இன்னும் மனந்திரும்பவில்லை. விசுவாசம் அடுப்பங்கரைவரை வந்தது, நடுவீட்டுக்குள் வர இன்னும் பாடுபட வேண்டியிருக்கிறது.

பிடி அரிசி நம்முடையது மட்டும் என்று பெருமை பேசவும் இடமில்லை. காஞ்சி மடத்துப் பிடியரிசித் திட்டம் நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்ததே. மிசோரத்துச் சபைகளில் 1910-இலிருந்து பெண்கள் இதே போல ஒவ்வொரு சமையலிலும் ஒரு பிடி எடுத்துவைத்து வருகிறார்கள். அங்கே அது சபையின் பெரிய வருமானங்களில் ஒன்றாகவே வளர்ந்துவிட்டது. மலைநாட்டில் முகம் தெரியாத ஒரு மிசோ ஆச்சியும் நீங்களும் ஒரே காலத்தில், ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்படாமல், உலைக்கு முன்னால் ஒரே காரியத்தைச் செய்துகொண்டு இருந்திருக்கிறீர்கள். இதை அறிந்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்போது எங்கள் வீடுகளில் குக்கர் வந்துவிட்டது. கோயிலில் காணிக்கைக் கவர் கொடுக்கிறார்கள். பல இடங்களில் வாசலிலேயே க்யூஆர் அட்டை. போகிற பணம் அதிகம், போய்ச் சேருவதும் விரைவு; இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை விரலால் தட்டிக் கொடுக்கும்போது வீட்டில் பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை. தினமும் பார்த்ததால்தான் எங்களுக்குப் பதிந்தது. இதற்காகவே சில வீடுகளில் இளம் தாய்மார் மறுபடி ஒரு டப்பாவை அடுப்பு மேடையில் வைத்து, பிள்ளையின் சின்னக் கையால் ஒரு பிடி அள்ளிப் போடச் செய்கிறார்கள். அந்த அரிசி இப்போது பக்கத்துத் தெருவில் தனியாய் இருக்கும் முதியவர்களுக்குச் சமைத்துப் போகிறது. உங்களுக்கு இது பிடிக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. சங்கத்தைத் தொடங்கியவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். அரிசி போட்டவர்களின் பெயர் நான் வாசித்த எதிலும் இல்லை. பெயர் வேண்டாம் என்றுதான் நீங்கள் கொட்டானைக் கவிழ்த்தீர்கள், தெரியும். இருந்தாலும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கடமை இருக்கிறது. எல்லா வீட்டு வேதாகமத்திலும் முன்பக்கத்து வெற்றுத் தாளில் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, கலியாணத் தேதி எழுதிவைத்திருப்போம். அந்தத் தாளில் எங்கள் ஆச்சியின் பெயரை எழுதி, கடைசிவரை கைப்பிடி அரிசி போட்டாள் என்று அதன்கீழ் ஒரு வரி சேர்க்கும்படி என் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நல்ல கையெழுத்து அவளுடையதுதான். மற்ற வீடுகளிலும் எழுதுங்கள் என்று இந்த மடலை வாசிக்கிற எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியோடு,
உங்கள் பேரன்