குடியானவனைப் பாருங்கள்

கணிப்பொறியில் இரண்டு பேர் போர் விளையாட்டு ஆட, அதை மூன்றாவது ஆள் ஒருவன் கண் விழித்து உட்கார்ந்து பார்ப்பானா என்று விடுதியில் என்னைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. கிரிக்கெட்டை ஐந்து நாள் பார்க்கிறவர்கள்தாம் இதையும் கேட்கிறார்கள். போகட்டும். இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்திப் பார்க்கச் செய்வதில் நான் ஒரு முறை தோற்றிருக்கிறேன். ஒரு முறை வென்றிருக்கிறேன். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

தோற்ற கதை சிறியது. என் அறைத் தோழர் ஒரு நாள், "அப்படி என்னதான் இருக்கிறது இதில்?" என்று கேட்டுவிட்டார். விடுவேனா? 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் 1999-ல் வெளிவந்தது, அதைச் செய்த அமெரிக்க நிறுவனம் 2009-ல் மூடப்பட்டது, ஆட்டம் மட்டும் சாகாமல் 2019-ல் புது மெருகுடன் திரும்ப வந்தது, 2022-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் கோட்டையில், நிஜமான கோட்டைக்குள்ளேயே, பந்தயம் வைத்தார்கள் என்று தொடங்கினேன். பிறகு ஆட்டத்திலுள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்களின் குணாதிசயங்கள். பிறகு ஈட்டிக்காரன் குதிரைவீரனை வெல்வான், வில்லாளி ஈட்டிக்காரனை வெல்வான் என்ற சாஸ்திரம். நான் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே தோழர் தூங்கிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. திருமண வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு போடாமல் சமையல் குறிப்பைப் படித்துக் காட்டினால் யார்தான் விழித்திருப்பார்கள்?

வென்ற கதை என் தகப்பனாரைப் பற்றியது.

சென்ற ஆகஸ்டில் அப்பா காசிக்கு வந்தார். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நடவு முடிந்த கையோடு, தாத்தாவுக்குச் செய்ய வேண்டிய காரியத்துக்காக வந்திருந்தார். கோதௌலியா அருகிலுள்ள நகரத்தார் சத்திரத்தில் தங்கினார். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து ஓயாத மழை. கங்கை ஏறிப் படித்துறைகளை மூடிவிட்டது. ஊர் சுற்றவும் வழியில்லை. சத்திரத்து அறையில் அப்பாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குள் எப்போதுமே பேச்சுக் குறைவு. அன்று எனக்கு அதைவிடக் குறைவாகப் பேச ஒரு காரணம் இருந்தது. புள்ளியியல் தாளில் நான் தேறவில்லை, வீட்டுக்குச் சொல்லவுமில்லை. ஐரோப்பாவில் மாலையில் தொடங்கும் பந்தயம் நமக்கு நள்ளிரவுக்கு மேலும் நீளும். அந்த நள்ளிரவுகளுக்கும் என் தோல்விக்கும் உள்ள உறவை விளக்கப் புள்ளியியல் தேவையில்லை.

"ராத்திரி எல்லாம் என்னமோ பார்க்கிறியாமே, அம்மா சொன்னா. அதைப் போடு, நானும் பார்க்கிறேன்" என்றார் அப்பா.

மறுக்க முடியவில்லை. மடிக்கணினியைத் திறந்தேன். தோழரிடம் பட்ட அனுபவத்தால் இந்தத் தடவை ஒன்றும் விளக்கவில்லை. "நீலம் ஒருத்தன், சிவப்பு ஒருத்தன். நடுவே இருப்பது ஊர்ச்சாவடி. சுற்றி நிற்கிற மூன்று பேரும் குடியானவர்கள். அவர்களை மட்டும் பாருங்கள் அப்பா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அது தற்செயலாக வாயில் வந்த வார்த்தை. ஆனால் இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். புதிதாகப் பார்க்கிறவர்கள் சண்டையைத் தேடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் சண்டையே இல்லாமல் போவதும் உண்டு, சலித்துப்போய் எழுந்துவிடுகிறார்கள். ஆட்டமோ அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. சாவடியிலிருந்து ஒரு குடியானவனை உண்டாக்க 50 உணவு வேண்டும். ஆட்டக் கடிகாரப்படி 25 விநாடி ஆகும். ஒருவன் முடிந்தவுடன் அடுத்தவன், இடைவெளியே விடக் கூடாது. ஆட்டை அறுத்துத் தின்ன வேண்டும், மரம் வெட்ட வேண்டும், ஐந்து பேருக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். யார் கை ஓரிரு விநாடி சும்மா இருந்தது என்பதைத்தான் தேர்ந்தவர்கள் கவனிக்கிறார்கள்.

அப்பாவுக்கு இது எதுவும் புதிதாகப் படவில்லை. நீலத்தின் குடியானவன் ஒருவன் தனியே காட்டுக்குள் போய், ஒரு காட்டுப்பன்றிமேல் அம்பை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தான். பன்றி துரத்தியது.

"ஏண்டா, பன்றியை வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வரானே!"

"அங்கேயே கொன்றால் சுமந்து வருகிற தூரம் அதிகம் அப்பா. சாவடி வாசலில் கொன்றால் 340 உணவும் பக்கத்திலேயே கிடைக்கும்."

"கெட்டிக்காரன்" என்றார். ஆனால் வயல் போட 60 மரம் செலவு என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "மரத்தைக் கொடுத்தா வயலா? தண்ணி எங்கே? வாய்க்கால் எங்கே? எவன்டா இதை எழுதினவன்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்பாவைக் கவரலாம் என்று நான் ஒரு தந்திரம் செய்திருந்தேன். 2022-ல் வந்த விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஓர் இனத்தைச் சேர்த்தார்கள். இராசேந்திர சோழனின் போர்களும் அதில் தனிக் கதையாக உண்டு. நீலத்தவன் ஆடியது அந்த இனம். சிவப்போ பிராங்கியர், குதிரைப் படைக்குப் பேர் போனவர்கள். திராவிடருக்குச் சுருள்வாள் வீரன் உண்டு, நல்ல கப்பல் உண்டு. கனத்த குதிரைப் படை மட்டும் கிடையாது. ஆட்டம் நடந்ததோ அரேபியா என்ற வறண்ட வெளியில்.

"சோழன் கப்பலை வச்சுக்கிட்டுத் தண்ணி இல்லாத இடத்திலே என்னடா பண்ணுவான்?" என்று கேட்டார் அப்பா. திரையில் ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் வருணனை செய்துகொண்டிருந்தவர் ஐந்து நிமிடமாகச் சொன்னதன் சாரம் அதுதான்.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. சிவப்பின் நான்கு குதிரைவீரர்கள் காட்டோரமாகச் சுற்றிக்கொண்டு, நீலத்தின் மரவெட்டிகளுக்குப் பின்புறம் வந்துகொண்டிருந்தார்கள். வேலி போடாத பக்கம். அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"வரான்டா! பின்னாலே வரான்! இவன் பார்க்கலியா?"

"அவனுக்குத் தெரியாது அப்பா. அவனவன் ஆட்கள் நிற்கிற இடம்தான் அவனவனுக்குத் தெரியும். மற்றதெல்லாம் இருட்டு. பார்க்கிற நமக்குத்தான் இரண்டு பக்கமும் தெரியும்."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஒரு தடவை பார்த்தார். "அப்போ பார்க்கிறவன் பாடுதான் கஷ்டம்" என்றார்.

குதிரைகள் பாய்ந்தன. நான்கு மரவெட்டிகள் விழுந்தார்கள். நீலத்தவன் மிச்சம் இருந்தவர்களையும் பக்கத்து வயற்காரர்களையும் சாவடிக்குள் ஓடவிட்டான். 15 பேர்தான் கொள்ளும். 15 பேரும் உள்ளே அடைந்தார்கள். குதிரைவீரர்கள் வெளியே ஒரு நிமிடம் சுற்றிவிட்டுப் போனார்கள். "நாலு பேர்தானே போனார்கள், நீலம் தேறிவிடுவான்" என்றேன்.

"உள்ளே போனவன் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு சம்பாதிப்பான்?"

"சுமார் 20 இருக்கும்."

"பதினஞ்சு பேருக்கு முந்நூறு. ஆள் ஒண்ணு அம்பதுன்னே. செத்தது நாலு, சாகாமச் செத்தது ஆறு. எப்படித் தேறுவான்?"

மூன்றாண்டாகப் பார்த்துவருகிற எனக்கு இந்தக் கணக்கைப் போடத் தோன்றியதில்லை. கொல்வதற்காக மட்டும் குதிரை வருவதில்லை; வேலையை நிறுத்துவதற்காக வருகிறது. மழைக்கும் வெள்ளத்துக்கும் பயந்து ஆட்கள் வயலில் இறங்காத நாட்களின் கூலிக் கணக்கை முப்பது ஆண்டாகப் போட்டவருக்கு அது உடனே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் படைகளைப் பார்க்கவே இல்லை. திரை ஓரத்தில் இரு பக்கத்துக் குடியானவர் தொகையையும் காட்டும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து நீலம் தோல்வியை ஒப்புக்கொண்டு விலகினான். வீடுகளும் வயல்களும் அப்படியே நின்றன. சதுரங்கத்தில் ராஜா நிற்கும்போதே கைகொடுத்து எழுவதில்லையா, அப்படி என்று நான் சொல்லத் தொடங்கினேன். அப்பா கையமர்த்தினார். அவருக்குப் புரிந்திருந்தது.

விளக்கை அணைத்துப் படுத்தோம். வெளியே மழை விடவில்லை.

"அந்தப் பேப்பர் மறுபடியும் எப்போ எழுதணும்?" என்று இருட்டில் கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "யார் சொன்னது அப்பா?"

"ஜூன்லேயே உன் தங்கச்சி நம்பரைப் போட்டுப் பார்த்துச் சொல்லிட்டா. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

இரண்டு மாதமாகத் தொலைபேசியில், "படிப்பெல்லாம் நல்லா நடக்குதா?" என்று அவர் கேட்டதும், "நடக்கிறது அப்பா" என்று நான் சொன்னதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. "அக்டோபரில் அப்பா" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. நெடுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்பது அவர் புரண்டு படுக்கும் சத்தத்தில் தெரிந்தது.

அக்டோபரில் எழுதினேன், தேறிவிட்டேன். இடைப்பட்ட இரண்டு மாதமும் பந்தயம் எதையும் பார்க்கவில்லை. முடிவு வந்த அன்று நானே முதலில் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷம் என்றார். ஊர் நிலவரம் சொன்னார். தொலைபேசியை வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது, "அந்த நீலக்காரன் அடுத்த ஆட்டம் ஆடினானா?" என்று கேட்டார்.

"ஆடினான் அப்பா."

"மரம் வெட்டுற பக்கம் வேலி போட்டானா?"

"போட்டான்."

"எத்தனாவது நிமிஷத்திலே?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.