வண்டிக்கு முன்னால் வந்த எர்த் குழி

எங்கள் வீட்டுக்கு முதல் மின்சாரக் கார் அடுத்த வாரம் வருகிறது. என்ன கலர் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கோ ஒரு மாதமாக எர்த் குழி நினைப்புதான்.

பேட்டரி 24 யூனிட் கொள்ளும். 15 ஆம்ப்ஸ் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் சொச்சம் ஏறும். இரவு செருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும். இருக்கிற பிளக்கே போதும் என்று நினைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 14 வோல்ட். "தம்பி, இதுல சார்ஜ் ஏறாது. ஏறினாலும் நான் விடமாட்டேன்" என்றார். அப்பா 1994-இல் வீடு கட்டியபோது போட்ட குழி, வறண்டு கிடந்தது. இத்தனை வருஷமும் அதை நம்பித்தான் ஹீட்டர் போட்டுக் குளித்திருக்கிறோம். நினைத்தால் இன்னும் பதறுகிறது.

புதுக் குழி, மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், தனி எம்சிபி, ஆர்சிசிபி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். பல மணி நேரம் முழு லோடு இழுத்தால் சூடேறி உருகிவிடக்கூடும். ஏசியும் காரும் சேர்ந்து ஓட வேண்டுமே என்று மின்வாரியத்தில் லோடு கூட்டவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று மறுபடி அளந்தார். 1 வோல்ட். அம்மா போய்ப் புதுக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.