எட்டு இலக்கம், எட்டும் பகா எண்

எனக்கு மிகப் பிடித்த எண் 73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது.

வலது ஓரத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக அழித்துக்கொண்டே வாருங்கள்: 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7. கடைசி வரை எல்லாமே பகா எண்கள்!

இப்படிப்பட்ட எண்கள் மொத்தம் 83தான். அவற்றில் ஆகப் பெரியது இதுவே.

இதை இன்னும் நீட்ட முடியாதா? கடைசியில் இரட்டைப்படை இலக்கம் வந்தால் 2 வகுக்கும். 5 வந்தால் 5 வகுக்கும். மிச்சம் 1, 3, 7, 9. இந்த எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை 38. ஒன்றைச் சேர்த்தால் 39, ஏழைச் சேர்த்தால் 45; இரண்டையும் 3 வகுத்துவிடும். மூன்றையோ ஒன்பதையோ சேர்த்தாலும் பகா எண் கிடைப்பதில்லை. பாதை அங்கே முடிகிறது.

பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார். அந்த முடிவில்லாத கூட்டத்துக்குள் இப்படி 83 பேர் மட்டும் கொண்ட குடும்பம் இருப்பது எனக்குத் தீராத வியப்பு.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 2, 3, 5, 7 எழுதிக் கொடுத்து, பின்னால் ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கின் மேல் ஆசை வர இது போதும்.