நிற்பவனின் காலடி

பழுதுற்ற பொருளைச் செப்பனிடுவது ஒரு வேலை; மறைந்துபோன ஒருவர் விட்டுச்சென்ற பொருளைச் செப்பனிடுவது வேறொரு வேலை. முன்னதில் பொருள் மீண்டும் இயங்கினால் போதும். பின்னதில், இயங்கத் தொடங்கிய பிறகு அதை என்ன செய்வது என்ற கேள்வி காத்திருக்கிறது. சென்ற கோடையில் என் மதினியின் வீட்டில் ஒரு பழைய கணிப்பொறியோடு 11 நாள்களைக் கழித்தபோது இந்த வேறுபாட்டை உணர்ந்தேன்.

அண்ணன் அதனை 1995-இல் வாங்கினார். 486 வகையைச் சேர்ந்தது. எட்டு மெகாபைட் நினைவகம் கொண்டது. பகலில் அவருடைய அச்சகத்தின் கணக்குகள் அதில் ஏறும். இரவில் உணவு முடிந்ததும் ஏழு வயது மகளை மடியில் இருத்திக்கொண்டு 'லெம்மிங்ஸ்' என்னும் புதிர் விளையாட்டை ஆடுவார். 1999-இல் அவர் மறைந்தார். அதன்பின் அந்தக் கணிப்பொறி பூவேலை செய்த ஒரு துணியின் கீழ்க் கூடத்து மூலையிலேயே இருந்துவிட்டது. வீட்டை இடித்துக் கட்டுவதென முடிவானபோது அதன் கதி பற்றிப் பேச்சு எழுந்தது. பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் மகள். மதினி நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஒரு தடவை ஓட்டிக் காட்டிருங்க தம்பி. அதுக்கப்புறம் நீங்க சொன்னபடி செஞ்சிரலாம்" என்றார்.

அந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டின் டண்டீ நகரில் இயங்கிய டி.எம்.ஏ. டிசைன் என்ற நிறுவனம் உருவாக்கியது, 1991-இல் வெளிவந்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டத்துக்குள் நடந்து செல்லும் உருவம் ஒன்றை மைக் டெய்லி என்பவர் வரைந்து காட்டியதே அதன் தொடக்கம். லெம்மிங் என்பது வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் வாழும் ஒரு சிறு கொறிவிலங்கு. அவை கூட்டங்கூட்டமாய்ப் பாறையிலிருந்து குதித்து மடிகின்றன என்றொரு கட்டுக்கதை உண்டு. 1958-இல் வெளிவந்த ஒரு டிஸ்னி ஆவணப்படம் அதனை உலகெங்கும் பரப்பிற்று; அக்காட்சி செயற்கையாக அமைக்கப்பட்டதென்பது பின்னரே வெளிப்பட்டது. கதை பொய்யாயினும் விளையாட்டு அதன்மீதே எழுந்தது. பச்சை முடியும் நீல உடையும் கொண்ட குட்டி உருவங்கள் ஒரு வாயில் வழியே வந்து விழுகின்றன. எதிரே பள்ளமா, நெருப்பா என்று பாராமல் நடக்கின்றன. அவற்றுக்கு ஏறுதல், கட்டுதல், தோண்டுதல் முதலிய எட்டுப் பணிகளைப் பகிர்ந்தளித்து, வெளியேறும் வாயிலுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். நான்கு பிரிவுகளில் 120 புதிர்கள்.

எட்டுப் பணிகளுள் ஒன்று நிற்பது. அப்பணியை ஏற்றவன் இரு கைகளையும் விரித்து வழியை மறித்து நின்றுவிடுவான். பின்னால் வருவோர் அவன்மீது மோதித் திரும்புவர். பள்ளத்தில் விழாமல் தப்புவர். ஆனால் நிற்பவன் தானாக நகர முடியாது. தந்தை இறந்தபின் அச்சகத்தைத் தோளில் ஏற்று, எங்கள் நால்வரையும் படிக்கவைத்து, தாம் படிக்காமலே நின்றுவிட்டவர் என் அண்ணன். அந்த உருவத்தை அவர் எந்த எண்ணத்தோடு பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவே வருகிறது.

இனி வேலைக்கு வருவோம். பெட்டியைத் திறந்தவுடன் கண்டது, தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்த பீப்பாய் வடிவப் பேட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சைப் பொருக்குப் படிந்திருந்ததை. அக்காலத்து நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்கு இது பொதுவான நோய். கசிவது காரம், செம்புத் தடங்களை மெல்ல அரித்துவிடும். பேட்டரியை வெட்டி எடுத்து, பொருக்கைச் சமையலறை வினிகர் தொட்ட பஞ்சினால் துடைத்து, பின்பு ஆல்கஹாலால் கழுவி உலரவைத்தேன். தடங்கள் அறுபடவில்லை.

மின்னிணைப்புக் கொடுத்ததும் திரை ஒளிர்ந்தது. ஆனால் வன்தட்டு இருப்பதையே கணிப்பொறி அறியவில்லை. காரணம் எளிது. வன்தட்டின் அளவுகளைக் கணிப்பொறி ஒரு சிறு நினைவகத்தில் வைத்திருக்கும். பேட்டரி மாண்டால் அந்நினைவும் மாண்டுவிடும். வன்தட்டின் மேலொட்டிய தாளில் சிலிண்டர், தலை, செக்டர் என மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றை அமைப்புத் திரையில் பதித்ததும் வன்தட்டு உறுமிக்கொண்டு சுழன்றது. அந்த ஒலியைக் கேட்டு மதினி அடுக்களையிலிருந்து வந்து கதவோரம் நின்றார்.

அடுத்த தடை, தட்டின் சில பகுதிகள் கெட்டுப்போனதால் தொடக்கக் கோப்புகள் இரண்டும் வாசிக்க முடியாமற் போனது. அவற்றைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. மவுஸ், ஒலி அட்டை, சிடி இயக்கி ஆகியவற்றுக்கான நிரல்களை ஏற்றினால் விளையாட்டுக்கு நினைவகம் போதவில்லை. எட்டு மெகாபைட் இருந்தும் ஏன் இந்தப் பஞ்சம்? டாஸ் அமைப்பு பிறந்தபோது அதன் செயலி ஒரு மெகாபைட்டை மட்டுமே எண்ணவல்லது. அதிலும் மேற்பகுதி திரைக்கும் பிற கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்டமையால், நிரல்களுக்கு 640 கிலோபைட்டே எஞ்சியது. பிற்காலத்தில் எவ்வளவு நினைவகம் சேர்த்தாலும் பழைய நிரல்கள் அந்தச் சிற்றறைக்குள்ளேதான் வாழ வேண்டும். 'ஹைமெம்', 'ஈஎம்எம்386' என்ற இரு துணைநிரல்களைக் கொண்டு டாஸையும் பிற நிரல்களையும் மேலறைகளுக்கு ஏற்றி, கீழறையைக் காலி செய்தேன். ஒன்பதாம் நாள் மாலையில் விளையாட்டு எழுந்தது. வேகமான கணிப்பொறியா, சாதாரணமானதா என்று தொடக்கத்திலேயே கேட்கும். வேகமானது என்பதைத் தேர்ந்தவுடன் இசை ஒலித்தது.

விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் அப்போதுதான் ஒரு பழைய பில் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு புதிரையும் முடித்தவுடன் பத்து எழுத்துகள் கொண்ட ஒரு குறிச்சொல் கிடைக்கும். மறுநாள் அதனை இட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அண்ணன் அவற்றைப் பில்களின் பின்புறம் வரிசையாக எழுதிவைத்திருந்தார். கடைசிக் குறிச்சொல் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அதை இட்டேன், ஏற்கவில்லை. ஓரெழுத்து 'யு'வா, 'வி'யா என்பது ஐயமாயிருந்தது. அவள் குனிந்து பார்த்து, "அப்பா 'யு' எழுதினா வால் இருக்கும் சித்தப்பா. இது 'வி'" என்றாள். திறந்தது.

அக்குறிச்சொல்லின் அருகே பென்சிலால் ஒரு வரி: "நிற்பவன் காலடியில் தோண்டு." மறுநாள் இரவுக்கென அவர் வகுத்திருந்த உபாயம் அது. அந்தப் புதிரில் ஒருவனைக்கூட இழத்தலாகாது. ஆதலால் நிற்பவனையும் விடுவித்தாக வேண்டும். அவன் அருகே வருகிற ஒருவனுக்குத் தோண்டும் பணியைக் கொடுத்தால், காலடி மண் சரிந்து அவன் இறங்குவான். இறங்கியதும் மற்றவர்களைப் போல நடக்கத் தொடங்கிவிடுவான். தன் எட்டு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆடினாள். ஏழெட்டு முயற்சிகளுக்குப் பின் எல்லாரும் வாயிலைச் சேர்ந்தனர்.

மதினியின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, கலக்கமே தெரிந்தது. "இனி இத எப்படிக் குடுக்க? அவரு விட்ட இடம் இதுக்குள்ளல்லா இருக்கு" என்றார்.

மகள் பதில் சொல்லவில்லை. விளையாட்டின் கோப்புகளை ஒரு பிளாப்பியில் நகலெடுத்துத் தன் மடிக்கணினிக்கு மாற்றினாள். 2002 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் 'டாஸ்பாக்ஸ்' என்ற நிரல் புதிய கணினிக்குள் பழைய கணிப்பொறியொன்றைப் பாவனையாக அமைத்துத் தரும். அதில் அதே பத்து எழுத்துகளை இட்டாள். அதே புதிர், அதே பள்ளம், அதே வாயில்.

மதினி இரு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, இது பெட்டிக்குள்ள இல்லியா?"

"அண்ணன் எழுதிவச்ச எழுத்துலதான் இருக்கு மதினி" என்றேன்.

மறுநாள் காலையில் அவரே துணியை மடித்து அலமாரியில் வைத்தார். பழைய கணிப்பொறிகளைச் சேகரிக்கும் இளைஞர் ஒருவர் வந்து அதனை எடுத்துச் சென்றார். இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பெட்டி நின்ற மூலையில் இப்போது மதினியின் நாற்காலி இருக்கிறது. அங்கே காற்று நன்றாக வருகிறதாம்.

அன்பர்கள் எவர் வீட்டிலேனும் இப்படியொரு பெட்டி துணிக்கடியில் இருக்குமானால் இரண்டு செய்யுங்கள். முதலில், அதைத் திறந்து பேட்டரியை அகற்றிவிடுங்கள், கசிவு காத்திருக்காது. பின்னர், அருகிலுள்ள தாள்களைத் தேடுங்கள். ஓட்ட வேண்டுமா, கொடுத்துவிட வேண்டுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.