ஆறு சிலிண்டரும் ஒரு காதும்

2021 செப்டம்பரில் இங்கிலாந்துக்கு ஈ10 பெட்ரோல் வந்தது. பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்தது. பழைய கார்களின் ரப்பர் ஹோஸ்களை எத்தனால் கெடுத்துவிடும் என்று செய்திகள் வரவே, பழங்கார் வைத்திருப்பவர்கள் பட்டறைகளுக்குப் படையெடுத்தார்கள். கோவென்ட்ரியில் வசிக்கும் என் யாழ்ப்பாணத்து நண்பரும் அவர்களில் ஒருவர். அவரிடம் ட்ரையம்ஃப் டி.ஆர்.6 ஒன்று இருக்கிறது. “ஹோஸ் மாத்தப் போறன். பட்டறைக்காரர் அந்தக் காரைச் செய்த கன்லி தொழிற்சாலையிலேயே வேலை பழகின மனுசன். நீங்களும் வாறீங்களோ?” என்று கேட்டார். போனேன்.

ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகை. எழுபதைத் தாண்டிய பெரியவர், உதவிக்கு மடிக்கணினியோடு ஓர் இளைஞர், பானெட் திறந்த நான்கு கார்கள். ஹோஸ் மாற்றும் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனால் கார் ஐட்லிங்கில் நடுங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் மூச்சுத் திணறி, பிறகே பாய்ந்தது. பெரியவர் கீழே குனிந்து, சேஸிஸ் எண் பொறித்த தகட்டைத் துடைத்துப் பார்த்தார். பிறகு நண்பரிடம் கேட்டார்: “உங்களுக்கு விற்றவர் இதை என்னவென்று சொன்னார்?”

நண்பர் சொன்னார்: “ஒரிஜினல் பி.ஐ. கார், 150 குதிரைத்திறன்.”

தகட்டில் எண் ‘சி.சி.’ என்று தொடங்கியது.

இந்த இரண்டு எழுத்துக்குள் ஒரு கதையே இருக்கிறது. 1967இல் வந்த டி.ஆர்.5, பி.ஐ. எனப்படும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு விற்பனைக்கு வந்த முதல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. அதே 2498 சி.சி. ஆறு சிலிண்டர் இன்ஜினோடு அடுத்து வந்ததுதான் டி.ஆர்.6. உள்நாட்டில் விற்றவற்றுக்கு லூகாஸ் நிறுவனத்தின் இன்ஜெக்‌ஷன். அமெரிக்கா போனவற்றுக்கு இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர், நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன்தான். அங்கே புகைச் சட்டம் கடுமை. டி.ஆர்.6களில் பெரும்பகுதி கடல் கடந்தவை. சி.பி., சி.ஆர். என்று தொடங்கினால் இன்ஜெக்‌ஷன் வண்டி; சி.சி., சி.எஃப். என்றால் கார்புரேட்டர் வண்டி.

லூகாஸ் முறையில் கணினி கிடையாது. டிக்கியில் ஒரு மின் பம்ப். வைப்பர் மோட்டாரிலிருந்து உருவாக்கியது அது. சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் அழுத்தம் கொடுத்து பெட்ரோலைத் தள்ளும். இன்ஜினோடு சுழலும் ஓர் அளவுக் கருவி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பங்கு பிரித்து அனுப்பும். எவ்வளவு என்பதை இன்டேக்கில் இருக்கும் வெற்றிடம் தீர்மானிக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் பம்ப் சூடேறும், டாங்கில் பெட்ரோல் குறைந்தால் திணறும். ஊர் மெக்கானிக்குகள் பலருக்கு அதைத் தொடப் பயம். கற்றுக்கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை என்பது பெரியவரின் பழைய கோபம். கன்லியில் 1980இல் கார் உற்பத்தி நின்றது. வேலை போய் ஒரு சின்ன கராஜில் சேர்ந்தார். அங்கே வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “இந்த இன்ஜெக்‌ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் மாட்டு.” தான் பழகிய பொருளைத் தானே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்.

இன்று அதே உதிரிகளுக்குத் தரகர்கள் எக்கச்சக்கமாக விலை சொல்கிறார்கள். அமெரிக்காவில் கிடந்த கார்களைத் திருப்பிக் கொண்டுவந்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி, ட்ரையம்ஃப் 2.5 பி.ஐ. என்ற குடும்பக் காரின் இன்ஜெக்‌ஷனைப் பிடுங்கி மாட்டி, “ஒரிஜினல்” என்று விற்பது ஒரு தனித் தொழில். நண்பரின் காரும் அப்படித்தான். உள்ளே கேம்ஷாஃப்ட் அமெரிக்காவுக்கான சாதுவான ரகம். அளவுக் கருவி எதிர்பார்க்கும் வெற்றிடம் வேறு, இன்ஜின் தருவது வேறு. திணறாமல் என்ன செய்யும்? இரண்டையும் பொருத்தி வைக்கத் தெரிந்தவனுக்கு மணிக்கூலி. பொருத்தாமல் பளபளப்பாகப் பெயின்ட் அடித்து விற்றவனுக்கு லாபம். வாங்குபவர்களும் இதற்கு உடந்தை. பெயின்டுக்குக் கொடுக்க மனம் வருகிறது. டியூனிங் கூலிக்கு மட்டும் பேரம் பேசுகிறார்கள். என் நண்பரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்வது? வெபர் கார்புரேட்டர் மூன்று மாட்டலாம் என்றார் பெரியவர். ஒவ்வொன்றிலும் இரண்டு தொண்டை, ஆக ஆறு. ஒரு தகர டப்பாவைத் திறந்து பித்தளை ஜெட்டுகளைக் காட்டினார். 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். கேமுக்கு ஏற்ப ஜெட், காற்றுத் திருத்தி, எமல்ஷன் குழாய் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். சத்தம் சொக்கவைக்கும், குளிர் காலையில் கழுத்தறுக்கும். இன்னொரு வழி நவீன மின்னணு இன்ஜெக்‌ஷன்: கிராங்கில் பல்சக்கரம், புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், மீதி மடிக்கணினியில். இளைஞர் அதை ஆர்வமாக விளக்கினார். திரையில் கட்டம் கட்டமாக எண்கள். பாதியில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது, விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் பிடிபட்டது: கேம் எதுவானாலும் எண்களைத் திருத்திக்கொள்ளலாம். நம்மூரில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது பைக்குகளில் கார்புரேட்டர் மறைந்ததும் பெட்ரோலை இப்படித் துல்லியமாக அளக்க முடிவதால்தான்.

விவாதம் நடந்துகொண்டிருக்க, பெரியவர் ஒரு துண்டு ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனை காதில், மறு முனை முதல் தொண்டையின் வாயில். ‘ஸ்ஸ்’ என்ற காற்றிரைச்சலைக் கேட்டார். அடுத்ததில் வைத்தார். ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். மறுபடி கேட்டார். காற்றை அளக்கும் மீட்டர் மேசை இழுப்பறையில் இருக்கிறதாம், எடுப்பதில்லை. என் காதிலும் வைத்துக் காட்டினார். முதல் மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே கேட்டன. நான்காவது கரகரத்தது, எனக்கே தெரிந்தது.

இந்த இன்ஜெக்‌ஷன் ஆறுக்கும் பெட்ரோலைச் சமமாகத்தான் கொடுக்கிறது. காற்று சமமாகப் போகாவிட்டால் ஒரு சிலிண்டர் பட்டினி கிடக்கும், இன்னொன்று கரும்புகை கக்கும். வெபர் மாட்டினாலும் இதே குழாய். ஆறு த்ராட்டிலோடு மின்னணு மாட்டினாலும் அந்த இளைஞர் மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் இதே குழாய். குழாய் வைத்துக் கேட்டு முடித்ததும் நடுக்கம் பெருமளவு அடங்கியது. திணறல் போகவில்லை, அது கேமின் குற்றம்.

நண்பர் மின்னணு இன்ஜெக்‌ஷனுக்குச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு அதுதான் சரி, தினமும் ஓட்டுபவர். உண்மையான சி.பி. வண்டியாக இருந்தால் லூகாஸைக் கழற்ற நான் சம்மதிக்க மாட்டேன், பம்பை மட்டும் மாற்றினால் போதும். வெபர், ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு. நீங்களும் இப்படி ஒரு கார் வாங்கும் நோக்கத்தில் இருந்தால் பெயின்டைப் பார்க்கும் முன் எண் தகட்டைப் பாருங்கள். கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா என்று கேட்கும் முன், அதை டியூன் செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரில் யார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.